மனத்தின் ஆழம் கண்ட மருத்துவர்

உடலில் தோன்றும் நோயைத் தயக்கமின்றிப் பிறரிடம் கூறுகிறோம். மனத்தில் தோன்றும் துயரையோ மறைக்கவே முயல்கிறோம். மனத்துயரும் பரிவோடு கேட்டு ஆற்றத்தக்க நோயே என்பதை இந்தியாவில் நிலைநாட்ட உழைத்த முன்னோடி கிரீந்திரசேகர் போஸ்.

இவர் 1887ஆம் ஆண்டு வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை சந்திரசேகர், தர்பங்கா அரசின் திவானாக விளங்கியவர். தமையனார் ராஜசேகர், புகழ்பெற்ற வங்க எழுத்தாளர். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்ற போஸ், மருத்துவத் தொழில் புரிந்துகொண்டே உளவியலும் பயின்றார். மனம் தன் விருப்பங்களைத் தனக்கே தெரியாமல் அடக்கி மறைப்பது குறித்து ஆராய்ந்து, 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அவ்வாய்வு நூலை, உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டுக்கு வியன்னாவுக்கு அனுப்பினார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. எனினும் அவர்களது கடிதத் தொடர்பு பல்லாண்டுகள் நீடித்தது. 1922இல் போஸ் தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார்.

பிராய்டை அவர் பெரிதும் மதித்தார். ஆனால், அவர் கூறிய அனைத்தையும் அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு நேர்மாறான விருப்பமும் மனத்தில் உடன் எழுகிறது என்பது போஸின் கொள்கை. பிறரை அடிக்க விழையும் மனத்தின் அடியில், தான் அடிபட வேண்டும் என்னும் விழைவும் மறைந்துள்ளது. அதனை உணரச் செய்தால் உள்ளத்தின் போராட்டம் தணியும் என அவர் கருதினார். இக்கொள்கையைப் பிராய்டு முழுமையாக ஏற்கவில்லை. அதற்காகப் போஸ் தம் கருத்தைக் கைவிடவுமில்லை, நட்பை முறித்துக்கொள்ளவுமில்லை. பிராய்டின் 75ஆம் பிறந்தநாளையொட்டி, 1931இல் அவர் தலைமையிலான கழகம் தந்தத்தாலான திருமால் சிலையை அனுப்பியது. பிராய்டு அதனைத் தம் எழுதுமேசையில் வைத்துப் போற்றினார்.

ஆய்வோடு போஸ் அமைந்துவிடவில்லை. கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளர்க்கான புறநோயாளர் பிரிவு 1933இல் தொடங்க வழிவகுத்தார். மனநோயாளரை அடைத்துவைப்பதே வழக்கமாக இருந்த அந்நாளில், பொது மருத்துவமனைக்கு வந்து மருத்துவம் பெற்று வீடு திரும்பும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. 1940இல், தமையனார் அளித்த இடத்தில் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை உருவானது. எளிய மக்களும் அறியும்பொருட்டுக் கனவுகளைப் பற்றி வங்கமொழியில் நூலும் எழுதினார்.

1953இல் போஸ் மறைந்தார். அறிவுலகில் ஆசானை மதித்துக்கொண்டே அவரோடு மாறுபடலாம் என்பதற்கும், துயருற்ற உள்ளத்தை வெறுக்காமல் செவிசாய்க்க வேண்டும் என்பதற்கும் அவரது வாழ்வு சான்றாகத் திகழ்கிறது.