உ. வே. சாமிநாதையர்

உ. வே. சாமிநாதையர் (பெப்ரவரி 19, 1855 - ஏப்ரல் 28, 1942) தமிழறிஞரும் பதிப்பாசிரியரும் ஆவார். ஓலைச்சுவடிகளில் இருந்த சங்க இலக்கியங்களையும் காப்பியங்களையும் தேடி அச்சேற்றியவர். நூலின் மூலம், பழைய உரை, பதிப்பாசிரியர் சேர்த்த குறிப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே அமைத்தது இவரது பதிப்புகளின் சிறப்பாகும். இவர் தமிழ்த் தாத்தா என்றும் அழைக்கப்படுகிறார்.

மாயூரத்தில் கல்வி

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் இவரது ஊர். தந்தை வேங்கடசுப்பையர் இசைக் கலைஞர். 1871 ஆம் ஆண்டு மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876 இல் ஆசிரியர் மறையும் வரை அவரிடமே பயின்றார். பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்தில் கல்வியைத் தொடர்ந்தார். 1880 இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

பதிப்புப் பணி

அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அது சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர்களிடம் சமயச் செய்திகளைக் கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையுடன் அந்நூல் 1887 இல் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) முதலியவற்றைப் பதிப்பித்தார்.

மூலமும் உரையும்

ஏடுகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். பத்துப்பாட்டுக்கு இவருக்குக் கிடைத்த ஏடுகள் பலவற்றில் உரை இருந்தது. மூலம் தனியே இல்லை. நச்சினார்க்கினியர் சொற்களை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் உரைப்பவர். ஆகவே உரையை மட்டும் கொண்டு பாட்டின் சொல் வரிசையை மீட்பது எளிதன்று. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் வரும் பகுதியிலும் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. அவற்றைத் தாமே ஊகித்து நிரப்பாமல் தேடலைத் தொடர்ந்தார். மாயூரத்தை அடுத்த தருமபுரம் ஆதீனத்து ஏடு ஒன்றில் அப்பகுதி கிடைத்தது.

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. சில பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்களைப் புள்ளியிட்டு வெற்றாகவே விட்டார். ஏடுகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாடுகளைப் பிரதிபேதம் என அடிக்குறிப்பில் தந்தார். தமது ஆய்வை முகவுரை, ஆசிரியர் வரலாறு, அரும்பத அகராதி ஆகிய பகுதிகளில் வைத்தார். இதனால் பின்வந்தோர் புதிய ஏடு கிடைத்தபோது எதைத் திருத்த வேண்டும் என்பதை எளிதில் அறிய முடிந்தது.

ஒப்புமை

கட்டற்ற மென்பொருள் துறையில் இதற்கு நெருங்கிய நடைமுறை உண்டு. 1993 இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் லினக்சு வழங்கலின் மூலப் பொதிகளில், மென்பொருளை ஆக்கியோர் வெளியிட்ட மூல நிரல் ஒரு கோப்பாகவும், பொதியாக்குநரின் நிறுவல் விதிகளும் திருத்தங்களும் வேறு கோப்பாகவும் வைக்கப்படுகின்றன. மூல நிரலின் புதிய பதிப்பு வரும்போது திருத்தங்களை மட்டும் மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். பிழை நேர்ந்தால் அது ஆக்கியோருடையதா, பொதியாக்குநருடையதா என்பதும் தெரியும். இரண்டும் கலந்துவிட்டால், ஏட்டில் உரை கலந்த மூலத்தைப் போலவே பிரித்தறிவது கடினமாகிவிடும்.

பிற்கால வாழ்க்கை

1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு 1919 இல் ஓய்வு பெற்றார். 1906 இல் மகாமகோபாத்தியாய பட்டமும், 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் பெற்றார். 1937 இல் குறுந்தொகையைத் தாமே எழுதிய உரையுடன் வெளியிட்டார். என் சரித்திரம் என்னும் தன்வரலாறு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அது முற்றுப்பெறும் முன்னரே 1942 இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். இவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் சென்னையில் இவர் பெயரால் அமைந்த நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.