நீதிபதி வேட்டீஸ் வேரிங்

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்து உயர்குடி வெள்ளையர் குடும்பமொன்றில் 1880-ஆம் ஆண்டு பிறந்தவர் வேரிங். 1942-இல், தமது அறுபத்தோராம் வயதில், மத்திய அரசாங்கத்தின் ஜில்லா நீதிபதியாக நியமனம் பெற்றார். அதுகாறும் ஊர் வழக்கத்தைக் கடிந்துரைத்தாரல்லர்.

1946 பிப்ரவரியில், போர்ச்சேவை முடித்துச் சீருடையுடன் வீடு திரும்பிய ஐசக் உட்வர்டு என்னும் கறுப்பின வீரரைப் போலீஸ் தலைவனொருவன் அடித்துக் கண்ணிரண்டையும் போக்கினான். வேரிங் முன்னிலையில் நடந்த விசாரணையில், வெள்ளையரேயான ஜூரிமார் அரைமணிக்குள் அவனைக் குற்றமற்றவனென்று விடுத்தனர். நீதிபதியின் நெஞ்சிலே அது முள்ளாய்த் தைத்தது.

மறு ஆண்டே, கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பரும் வாக்களிக்கலாமெனத் தீர்ப்பளித்தார். நகரத்தார் அவரை வெறுத்தனர். 1950-இல் அவர் இல்லத்தின்மேற் கல்லெறியவுஞ் செய்தனர். அவர் முதல் மனைவியை நீக்கி மறுமணஞ் செய்ததே பகைக்குக் காரணமென்பாருமுளர். மணம் நிகழ்ந்தது 1945-இல். கல் விழுந்ததோ தீர்ப்புகளுக்குப் பின்னரன்றோ!

கிளாரெண்டன் ஜில்லாவில் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி செல்லப் பஸ் வண்டிகள் பல. கறுப்பின மக்களுக்கோ ஒன்றுமில்லை. பெற்றோர் தொடுத்த வழக்கில், 1951-இல், மூவர் மன்றத்திருவர் பிரிவினை செல்லுமென்றனர். வேரிங் ஒருவரே, பிரித்து வைத்தல்தானே சமத்துவத்தை அழிப்பதாகுமென மாறுபட்டெழுதினார். 1952-இல் பதவி விட்டு நியூயார்க் சேர்ந்தார். 1954-இல் உயர் தலைமை நீதிமன்றத்தார் ஒன்பதின்மரும் ஒருமுகமாய் அம்முடிபையே எய்தினர்.

1968-இல் இறந்த அவரைச் சார்ல்ஸ்டனில் அடக்கஞ் செய்தபோது கறுப்பர் திரண்டனர். வெள்ளையர் மிகச் சிலரே வந்தனர். 2015-இல் அந்நகர நீதிமன்றக் கட்டிடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.