வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டவர்

இந்த மாதம் நான் எழுதுவது பி.சி.மகலனோபிஸ் பற்றி. இவர் 1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தார். ஊர் திரும்பும்போது கப்பலில் ஒரு புள்ளியியல் இதழைப் படித்தார். அப்போதே எண்கள் மேல் ஆசை வந்துவிட்டது.

1926-ல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெரிய வெள்ளம். ஆற்றின் தரை மேடாகிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். மகலனோபிஸ் சுமார் 60 வருஷத்து மழை, வெள்ளக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆறு மேடாகவே இல்லை! மேல்பக்கம் பெய்த அதிக மழைதான் காரணம். கரையை உயர்த்திப் பயனில்லை, மேலே அணை கட்டித் தடுக்க வேண்டும் என்று காட்டினார். மகாநதியில் 1957-ல் திறந்த ஹிராகுட் அணைக்கும் அவர் கணக்கு உதவியது.

ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தால் ஏன் போதாது? தாயம் விளையாடும்போது அடுத்த தடவை தாயம் விழுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நூறு தடவை போட்டால் எத்தனை விழும் என்று சுமாராகச் சொல்லலாம். புயலும் வெள்ளமும் அப்படித்தான். போன வருஷம் வந்துவிட்டது, இனி வராது என்று நம்பி இருக்கக்கூடாது. நம்ம கணக்குப் பாடத்தில் வரும் நிகழ்தகவு இதுதான்.

1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1972 ஜூன் 28-ல் காலமானார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் தினம்.

ராசிபுரத்தில் மழை பெய்யும் நாட்களை நாமும் நோட்டில் குறித்து வைக்கலாமே!