காந்தியடிகளின் மருத்துவர்: கருத்தடைக் கொள்கையின் திருப்புமுனையில் நின்ற டாக்டர் சுசீலா நய்யார்

புதுடெல்லி, டிச. 26: சுதந்திரப் போராட்ட வீராங்கனையும் முன்னாள் மத்திய சுகாதார அமைச்சருமான டாக்டர் சுசீலா நய்யாரின் பிறந்த நாள் இன்று. கருத்தடை மாத்திரை உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில் நாட்டின் சுகாதாரத் துறை அவரது பொறுப்பில் இருந்தது.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஞ்சா என்னும் ஊரில் 1914-ம் ஆண்டு சுசீலா பிறந்தார். காந்தியடிகளின் செயலாளர் பியாரேலால் இவருடைய அண்ணன். டெல்லி கோல் மார்க்கெட் பகுதியை ஒட்டிய லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., எம்.டி. பட்டங்களைப் பெற்றார். 1916-ல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, பெண்களை மருத்துவர்களாக்குவதற்கென்றே நிறுவப்பட்டதாகும்.

1939-ல் சேவாகிராமம் சென்ற அவர், காந்தியடிகளின் மருத்துவரானார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதாகி, புணே ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டார். 1944-ல் அங்கேயே காலமான கஸ்தூரிபாவின் இறுதி நாள்களில் அவருக்கு மருத்துவம் பார்த்தார். காந்தியடிகளின் மறைவுக்குப் பின் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றார். நாடு திரும்பியதும் டெல்லி சுகாதார அமைச்சர், சட்டப்பேரவைத் தலைவர் ஆகிய பொறுப்புகளை வகித்த அவர், 1962 முதல் 1967 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்தார்.

செயற்கைக் கருத்தடையைக் காந்தியடிகள் ஏற்றவரல்லர். புலனடக்கமே வழி என்பது அவர் கொள்கை. அவருடைய ஆசிரமத்தில் வாழ்ந்த சுசீலாவின் காலத்திலேயே அரசு நவீனக் கருத்தடையைப் பெரிய அளவில் கையிலெடுத்தது.

அமெரிக்காவில் 1960-ல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்திருந்தது. எனினும் அன்றைய மாத்திரையில் ஹார்மோன் அளவு மிக அதிகம். அதை உட்கொண்ட சிலருக்கு இரத்தக் குழாய்களில் உறைகட்டி ஏற்பட்டதாகச் செய்திகள் வரத் தொடங்கின. விலையும் கூடுதல், நாள்தோறும் தவறாமல் உட்கொள்ளவும் வேண்டும். 1965-ல் அரசு முன்னிறுத்தியது மாத்திரையை அன்று, ஒருமுறை பொருத்தினால் போதும் என்ற லிப்பஸ் வளையத்தையே.

தொடக்கத்தில் வளையத்துக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. ஆனால் இரத்தப்போக்கு, வலி, வளையம் தானே வெளியேறுதல் போன்ற தொல்லைகளுக்கு ஆளான பெண்களைத் தொடர்ந்து கவனிக்கப் போதிய மருத்துவ வசதி கிராமங்களில் இல்லை. அச்சம் பரவியது, சில ஆண்டுகளிலேயே வளையத்தை நாடுவோர் குறைந்தனர். கருவி நல்லதாயினும் பின்கவனிப்பு இன்றேல் மக்கள் நம்பிக்கை நிலைக்காது என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

மாத்திரைக்கும் இது பொருந்தும். முதல் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம் மட்டுமே. பிழையின்றி உட்கொண்டால் ஆண்டுக்கு 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவானவரே கருவுறுவர். நடைமுறையில், மறதி முதலியவற்றால், அந்த எண்ணிக்கை சுமார் 7 ஆகிறது. 35 வயதைக் கடந்த புகைபிடிப்போர், உயர் இரத்த அழுத்தம் உடையோர், முன்பு இரத்த உறைகட்டிக்கு ஆளானோர், குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் தாய்ப்பால் ஊட்டுவோர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பொதுவாக ஏற்றதன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து இம்மாத்திரையின் பலனைக் குறைக்கும். எனவே மருத்துவ ஆலோசனைக்குப் பின் தொடங்குவதே பாதுகாப்பானது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத 'சாயா' மாத்திரையும் அரசுத் திட்டத்தில் உள்ளது. அதன் மூலப்பொருளான சென்ட்குரோமேன், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது.

அமைச்சர் பதவிக்குப் பின் சுசீலா 1969-ல் சேவாகிராமத்தில் மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். கிராமத்துக்கு மருத்துவரை அனுப்ப வேண்டுமெனில் கிராமத்திலேயே அவரை உருவாக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். திருமணம் செய்துகொள்ளாது பொதுப்பணியிலேயே வாழ்ந்த அவர், 2001 ஜனவரி 3 அன்று சேவாகிராமத்தில் காலமானார்.