துன்பத்தில் துவளாத தேவசகாயம்



வெள்ளிவிழா மலருக்குப் பங்குத் தந்தையின் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். பங்கின் வரலாற்றைப் பெரியவர்கள் எழுதட்டும், நான் ஒரு புனிதரின் வரலாற்றை எழுதுகிறேன் என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், வேலையை இழந்த ஒரு குடும்பத் தலைவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். வீட்டு வாடகை நின்றுபோயிற்று, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நின்றுபோயிற்று. ஞாயிறு பூசை தவறாத தனக்கு இது ஏன் வந்தது, தான் செய்த பாவம் என்ன என்று கேட்டார். குருமடத்தில் கற்றதையெல்லாம் நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொன்னை நெருப்பில் புடமிடுவதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், சரி சாமி என்று எழுந்து போனார். அவர் முகம் மட்டும் தெளியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் புனித தேவசகாயம்.

அரண்மனை அலுவலர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகியம்மாள். நாயர் குலத்தில் செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று வளர்ந்த அவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார். பார்கவியம்மாளை மணந்தார். குறையொன்றுமில்லாத வாழ்வு.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இழப்புகள் வந்தன. வீட்டுக் கால்நடைகள் மாண்டன. பயிர்கள் பாழாயின. பொருள் கரைந்தது. எத்தனையோ வழிபாடுகள் செய்தும் மனம் ஆறவில்லை.

கைதி சொன்ன வரலாறு

அந்நாளில் பத்மநாபபுரத்திற்கு அருகே உதயகிரிக் கோட்டையில் பணியாற்றியவர் டிலனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவராக வந்து, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்று, மன்னரிடம் சிறைப்பட்டவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். அவர் ஒரு கத்தோலிக்கர். தோல்வியும் சிறையும் என்னவென்று அறிந்தவர்.

நண்பரின் வாடிய முகத்தைக் கண்ட டிலனாய், காரணத்தைக் கேட்டறிந்தார். பின்பு விவிலியத்திலிருந்து யோபுவின் வரலாற்றைச் சொன்னார். ஏழாயிரம் ஆடுகளும் மூவாயிரம் ஒட்டகங்களும் பத்துப் பிள்ளைகளும் உடைய நேர்மையாளர் ஒருவர், அனைத்தையும் இழந்து, உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் அமர்ந்த வரலாறு அது. அவரைத் தேற்ற வந்த மூன்று நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று வாதிட்டார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைக் கடிந்துகொண்டார். யோபு இழந்த உடைமைகளை இருமடங்காகத் திரும்பக் கொடுத்தார்.

நீலகண்டனின் உள்ளத்தில் அந்த வரலாறு ஆழப் பதிந்தது. துன்பம் தண்டனை அல்ல, துன்பத்தின் நடுவிலும் கடவுள் கைவிடுவதில்லை என்ற ஒளி பிறந்தது. அவர் கிறிஸ்துவைத் தேடலானார்.

திருவிதாங்கூரின் கிழக்கு எல்லை ஆரல்வாய்மொழிக் கணவாய். அதைக் கடந்தால் பாண்டிய நாடு. அங்கே வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருக்களின் பணித்தளம் இருந்தது. நீலகண்டன் எல்லை தாண்டிச் சென்று, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அருள்தந்தை புத்தாரி அவர்களின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. லாசர் என்ற பெயரின் பொருள் விளங்க, தேவசகாயம் என்று தமிழில் பெயரிட்டனர். பின்னர் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

இழந்தது திரும்பவில்லை

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். யோபுவின் வரலாற்றைக் கேட்டு மனம் மாறியவர், யோபுவுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோயிருப்பார். அவருக்கு எதுவும் இருமடங்காகத் திரும்பவில்லை. முன்பு இழந்தது மாட்டையும் பயிரையும். ஞானஸ்நானத்திற்குப் பின் பதவியையும் மானத்தையும் உயிரையும் இழந்தார்.

தேவசகாயம் உயர்வு தாழ்வு பாராமல் எல்லோருடனும் பழகினார். எளியவர்களோடு அமர்ந்து உண்டார். சாதிக் கட்டு இறுகிக் கிடந்த அக்காலத்தில் இது சிறிய செயல் அல்ல. பகைவர்கள் பெருகினர். அரசு இரகசியங்களை அந்நியருக்குச் சொன்ன துரோகி என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 1749ஆம் ஆண்டு பிப்ரவரியில் கைதானார்.

அதன்பின் மூன்றாண்டுகள் அவர் பட்ட பாடுகளைக் குமரிமண்ணின் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமை மீது ஏற்றி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். பிரம்பால் அடித்தனர், காயங்களில் மிளகாய்ப்பொடி தூவி வெயிலில் நிறுத்தினர். பெருவிளையில் வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்தனர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது முழங்கையால் பாறையில் இடிக்க நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அவ்விடம் இன்றும் முட்டிடிச்சான் பாறை எனப்படுகிறது.

கிறிஸ்துவை மறுத்திருந்தால் வீடும் பதவியும் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் மறுக்கவில்லை. தன்னை வதைத்த காவலர்களைச் சபிக்கவும் இல்லை. கட்டுண்டு கிடந்தவரிடம் ஆறுதல் தேடி மக்கள் வந்தனர். துன்பப்படுகிறவரே தேற்றுகிறவர் ஆனார்.

இறுதியில் ஆரல்வாய்மொழி எல்லைக்கே அவரைக் கொண்டுவந்தார்கள். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது 39. கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழாண்டுகள்கூட நிறையவில்லை. அதில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் விலங்கில் கழிந்தன. காட்டில் எறியப்பட்ட அவர் உடலின் எச்சங்களை மக்கள் தேடி எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்திலேயே தங்கி, எஞ்சிய வாழ்நாளைக் கைம்பெண்ணாக இறைவேண்டலில் கழித்தார். அந்த அம்மாளின் பொறுமையும் போற்றத்தக்கதே.

பீடத்தின் மகிமை

இருநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் அவரையும் வேறு ஒன்பது பேரையும் புனிதர்களாக உயர்த்தினார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் இவரே. குருவல்ல, துறவியல்ல, மனைவியோடு வாழ்ந்து, சம்பளத்திற்கு வேலை பார்த்தவர். அவரிடம் யோபுவின் வரலாற்றைச் சொன்ன டிலனாயும் ஒரு பொதுநிலையினரே. 1777இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது.

நமக்கு என்ன பாடம்?

நாமும் எல்லைப்புறத்து மக்கள். குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் ஓசூர் சிப்காட்டை நம்பி வந்தவர்கள் நம்மிடையே உண்டு. விடியுமுன் எழுந்து அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்திற்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒப்பந்தம் முடிந்தது, நாளை வரவேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்கிறவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ரோஜாப் பூக்களை வாங்க ஆளின்றிப் பறித்துக் கொட்டிய விவசாயிகளையும், விலையில்லாத ஆண்டில் மாங்காயை மரத்திலேயே விட்டுவிட்ட கிருஷ்ணகிரிப் பகுதிக் குடும்பங்களையும் நாம் அறிவோம்.

இவர்களிடம் நம்பிக்கையோடு இருங்கள், எல்லாம் இருமடங்காகத் திரும்பும் என்று சொல்லிவிடுவது எளிது. தேவசகாயத்தின் வாழ்வு அப்படிச் சொல்ல நம்மை விடாது. கடவுளோடு நமக்குள்ள உறவு வியாபாரம் அல்ல. கொடுத்தால் நம்புவேன், எடுத்தால் விலகுவேன் என்பது விசுவாசமும் அல்ல. ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே ஒருவர் கடவுளின் கையை விடாமல் நிற்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆனால் தனியாக நிற்பது கடினம். தேவசகாயத்திற்கு டிலனாய் கிடைத்தார். துன்பம் அறிந்த அந்த மனிதர் நண்பரின் முகவாட்டத்தைக் கண்டார், கேட்டார், அதன்பின்தான் பேசினார். நான் அன்று பேசத்தான் செய்தேன்; கேட்கவில்லை. யோபுவின் மூன்று நண்பர்களோடு நான்காமவனாக அமர்ந்துவிட்டேன். மறு வாரம் அந்தக் குடும்பத் தலைவரின் வீட்டிற்குச் சென்று, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை உடனே கிடைக்கவில்லை. ஆயினும் திருப்பலி முடிந்து என்னிடம் வந்து நின்று பேசிவிட்டுப் போகும் பழக்கம் அன்றுமுதல் அவருக்கு உண்டாயிற்று.

வெள்ளிவிழாக் காணும் நம் ஆலயம் கல்லாலும் சிமெண்டாலும் மட்டும் கட்டப்பட்டதல்ல. வேலையிழந்த வீட்டிற்கு அரிசி கொடுத்தனுப்பிய அன்பியங்களும், மருத்துவமனையில் இரவு கண்விழித்துத் துணையிருந்த இளைஞர்களும் எழுப்பிய ஆலயம் இது. வருகிற ஆண்டுகளில் நம் பங்கில் துன்புறும் ஒவ்வொருவருக்கும் அருகில் ஒரு டிலனாய் இருக்கட்டும். பொங்கலோடு சேர்ந்து வரும் ஜனவரி 14ஆம் நாளில், நம் இல்லந்தோறும் தேவசகாயத்தை நினைத்துச் செபிப்போம். அவர் பெயரின் பொருளே தேவனின் சகாயம். அந்தச் சகாயம் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் கைகள் வழியாகவே வருகிறது.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத் தந்தை