கடலில் எழுதிய திட்டம்

நுழையும்முன்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் புதிதாகத் தறி நிறுவ விழைபவர் வங்கியில் கடன் வேண்டினால், முதலில் கேட்கப்படுவது திட்ட அறிக்கை. முதலீடு எவ்வளவு, வாங்குவோர் யார், போட்டி எத்தகையது என்பவற்றை அதில் எழுதித் தர வேண்டும். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் இத்தகைய அறிக்கையின் துணையோடு, உலகின் பெருங்கப்பல் நிறுவனங்களுள் ஒன்றை எதிர்கொண்டார்.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாதர், பரமாயி இணையருக்கு மகனாகப் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். தந்தையைப் போலவே வழக்குரைஞரானார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அத்துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு நாள்தோறும் மக்களும் சரக்கும் சென்றவண்ணம் இருந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற தொழிலாளர், வணிகர் என எவராயினும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தையே நம்பியிருந்தனர். கட்டணத்தை அந்நிறுவனம் வைத்ததே சட்டம். வேண்டுவோர் மிகுதி, வழங்குவோர் ஒருவரே என்னும் இந்நிலையைச் சிதம்பரனார் வழக்குரைஞரின் கண்ணோடு மட்டுமன்றி, வணிகரின் கண்ணோடும் கண்டார். தொடக்கத்தில் ஷாலைன் நிறுவனத்தின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினர். ஆங்கிலேயரின் நெருக்குதலால் அந்நிறுவனம் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரவல் கப்பல் எந்நேரமும் பறிபோகும் என்பது தெளிவாயிற்று.

1882ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின்படி, 1906 அக்டோபர் 16இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவுபெற்றது. பாலவநத்தம் குறுநில மன்னரும் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரையார் தலைவரானார். சிதம்பரனார் துணைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார். தலைமை நாற்காலியை அவர் நாடவில்லை.

சங்கத்தின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அதனைப் பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகளாகப் பிரித்தனர். இக்கணக்கைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பங்கின் விலையை ஆயிரமாக வைத்திருந்தால் செல்வர் சிலரே அதை வாங்கியிருப்பர். 25 ரூபாய் என்றதால் நடுத்தர வணிகரும் பங்குதாரராக இயன்றது. ஆசிய மக்கள் அனைவரும் பங்கு பெறலாம் என அறிவித்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஐந்தில் ஒரு பங்கு மூலதனம் ஒருவரிடமிருந்தே வந்தது.

சங்கத்தின் நோக்கங்கள் கப்பல் ஓட்டுவதோடு நிற்கவில்லை. இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய மக்களும் கப்பல் செலுத்தவும் கட்டவும் கற்க வேண்டும். அதற்குக் கல்லூரி வேண்டும். கப்பல் கட்டவும் பழுதுபார்க்கவும் துறைகள் வேண்டும் என்றெல்லாம் அது விரிந்தது. பத்து இலட்சத்தில் இத்தனையும் இயலுமா என்று ஒரு கணக்கர் கேட்டிருப்பின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் பிறர் செலுத்தும் கப்பலுக்கு உரிமையாளராக இருப்பது அரைச் சுதந்திரமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது மகன் நோயுற்றிருந்தான். மனைவி மீனாட்சி கருவுற்றிருந்தார். சுற்றத்தார் தடுத்தும் அவர் நிற்கவில்லை. கப்பலின்றித் திரும்புவதில்லை என்று உறுதிபூண்டு சென்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்தன. காலியாவில் 1,300க்கும் மேற்பட்ட பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

போட்டி நிறுவனம் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சங்கம் எட்டணாவாக்கியது. பின்னர் அந்நிறுவனம் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகக் கூறி, குடையும் தர முன்வந்தது. ஆழ்ந்த பணப்பை உடையோர் இழப்பை நெடுநாள் தாங்குவர். பங்குப் பணத்தில் நடப்போர் தாங்க இயலாது. இத்தகைய விலைப்போரைத் தாங்கும் கையிருப்புச் சங்கத்திடம் இல்லை. திட்டத்தின் மெலிந்த இடம் இதுவே. எனினும் போட்டியாளருக்கு ஆட்சியே துணைநிற்கும்போது எந்தக் கையிருப்பும் போதாது என்பதையும் மறத்தலாகாது.

1908 பிப்ரவரியில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குச் சிதம்பரனார் துணைநின்றார். மார்ச் 12இல் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவரில்லாத சங்கம் தளர்ந்து, 1911இல் கலைக்கப்பட்டது. அதன் கப்பல் ஒன்று எந்நிறுவனத்தை எதிர்க்க வாங்கப்பட்டதோ, அந்நிறுவனத்திற்கே விலைபோயிற்று.

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது வழக்குரைஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அதனை மீட்டுத் தந்த வாலேஸ் என்னும் நீதிபதியின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். வறுமையிலும் திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18இல், அவர் விரும்பியவாறே, தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவருடைய உயிர் பிரிந்தது.