ஒரு மழை இரவும் யூத் ஹாஸ்டலும்



சென்ற மே மாதம் நம் பிள்ளைகள் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டு சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். விடுமுறையில் ஒரே ஓர் இரவு கம்யூனிட்டி ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். மறுத்துவிட்டோம். சத்தம் வரும், கரண்ட் பில் ஏறும், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று மூன்று காரணங்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்து ஆட்சேபித்தவன் நான்தான். அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, இந்த இதழில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதையைச் சொல்கிறேன்.

அவரை எனக்குத் தெரியவந்தது 1991 இல். வங்கியில் எல்.எஃப்.சி. எடுத்துக்கொண்டு மனைவி, ஆறு வயது மகள், மூன்று வயது மகன் சகிதம் வடக்கே ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். கிளார்க் சம்பளத்தில் ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது. உடன் வேலை பார்த்த ஒருவர் யூத் ஹாஸ்டலில் தங்கச் சொன்னார். கைக்குழந்தை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு காலேஜ் பசங்கள் தங்கும் இடத்துக்கா என்று என் மனைவி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

போய்ப் பார்த்தால் குடும்பங்களுக்கென்றே நான்கு படுக்கை போட்ட ஓர் அறை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள். மேல் கட்டில் யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை. சின்னவன் உருண்டு விழுந்துவிடுவான் என்று அவனைக் கீழே சுவரோரம் போட்டு, பக்கத்தில் நான் படுத்தேன். பொதுச் சமையலறையில் அவனுக்குப் பால் காய்ச்சும்போது கவனம் தப்பிப் பொங்கவிட்டுவிட்டேன். யாரோ ஒரு கல்லூரிப் பெண் பேசாமல் துணி எடுத்து அடுப்பைத் துடைத்துக் கொடுத்தாள். இரவு எட்டு மணிக்கு என் மகள் முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து, மொழியே புரியாமல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலேயே யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற குழந்தை அது. அந்த விடுதி வார்டன்தான் இதையெல்லாம் தொடங்கியவர் ஒரு ஜெர்மன் வாத்தியார் என்று சொன்னார். ஓய்வு பெற்றபின் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் ரிச்சர்ட் ஷிர்மன். 1874 மே 15 அன்று கிழக்குப் பிரஷ்யாவில் குரூனன்ஃபெல்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பாவும் ஆசிரியர், மகனும் அதே வேலைக்கு வந்தார். வேலை கிடைத்ததோ மேற்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கெல்சன்கிர்ஷன் பக்கம். புகைக்கும் கரித்தூளுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு மரம், பறவை, ஆறு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வகுப்பையே வெளியே கூட்டிக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே பாடம்.

1903 இல் ஆல்டனா என்ற ஊருக்கு வந்தார். கம்பி இழுக்கும் பட்டறைகளுக்குப் பேர்போன சிறு மலை நகரம் அது. அங்கும் நடைப்பயணம் தொடர்ந்தது. ஒரு நாள் நடை பல நாள் நடை ஆனபோதுதான் சிக்கல் வந்தது. இரவு எங்கே படுப்பது? தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளிடம் சத்திரத்துக்குக் கொடுக்கப் பணம் ஏது? வழியில் இரக்கப்படும் விவசாயி யாராவது களஞ்சியத்தைத் திறந்துவிட்டால் உண்டு.

1909 ஆகஸ்ட் 26. ஆல்டனாவிலிருந்து ஆக்கன் நகரம் வரை எட்டு நாள் நடை. ப்ரோல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் போகும்போது இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கிடைத்தது ஒரு கிராமப் பள்ளிக்கூடம். விடுமுறை நாளானதால் வகுப்பறைகள் காலியாக இருந்தன. அவற்றைத் திறந்து கொடுத்தார்கள். ஒரு விவசாயி படுக்க வைக்கோலும், இரவுக்குக் குடிக்கப் பாலும் கொடுத்தார். பையன்கள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, வாத்தியாருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

அந்த இரவு அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. ஊர் தவறாமல் பள்ளிக்கூடம் இருக்கிறது. விடுமுறையில் அது பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் நடந்து வருவதும் அதே விடுமுறையில்தான். மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு வைக்கோல் மெத்தை போட்டால் வகுப்பறையே விடுதி. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒன்றாக நாடு முழுவதும் இப்படித் திறந்துவிட்டால், காசில்லாத வீட்டுப் பிள்ளையும் ஊர் சுற்றிப் பார்க்கலாம். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

பேங்க்காரன் கண்ணால் பார்க்கிறேன். இருக்கிற சொத்து சும்மா கிடக்கிறது, தேவைப்படுகிறவன் வாசலில் நிற்கிறான். இரண்டையும் சேர்த்து வைப்பதுதானே எங்கள் தொழிலே. எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மறுவருடம் பத்திரிகையில் கட்டுரை எழுதி ஆதரவு கேட்டார். ஆல்டனாவில் தான் வேலை பார்த்த பள்ளியிலேயே விடுமுறைத் தங்கலைத் தொடங்கினார். அந்தச் சமயத்தில் ஊரின் மேல் நிற்கும் பழைய கோட்டையைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்குள் 1912 இல் நிரந்தர விடுதி வந்தது. உலகின் முதல் யூத் ஹாஸ்டல் அதுதான். கனமான மரத்தில் மூன்றடுக்குக் கட்டில்கள் போட்ட படுக்கைக் கூடங்கள். விடுதியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் விடுதித் தந்தை. முதல் விடுதித் தந்தை ஷிர்மனே. அந்தப் பழைய படுக்கைக் கூடம் இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. வாத்தியாரும் சிப்பாயானார். 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் வோஷ் மலையில் பிரெஞ்சுப் படைக்கு எதிரே பதுங்குகுழியில் இருந்தார். பின்னாலிருந்த கிராமங்களில் கோயில் மணி அடித்ததும் இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்தினார்கள். பாழடைந்த குழிகள் வழியாக ஒருவரையொருவர் போய்ப் பார்த்தார்கள். இவர்கள் கறுப்பு ரொட்டியும் பன்றி இறைச்சியும் கொடுக்க, அவர்கள் ஒயினும் சிகரெட்டும் கொடுத்தார்கள். நேற்றுவரை சுட்டுக்கொண்டவர்கள் உட்கார்ந்து பேச முடிந்ததே, சின்ன வயதிலேயே எல்லா நாட்டுப் பிள்ளைகளும் சந்தித்துப் பழக ஓர் இடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

போர் முடிந்து 1919 இல் நண்பர் வில்ஹெல்ம் முன்கருடன் சேர்ந்து தேசிய அளவில் சங்கம் அமைத்தார். 1922 இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதற்கே கொடுத்தார். 1925 இல் பாடர்போர்ன் அருகே ஒரு பழைய ராணுவ முகாமைக் குழந்தைகள் கிராமமாக மாற்றினார். சில ஆண்டுகளில் ஜெர்மனியில் மட்டும் 2000க்கு மேற்பட்ட விடுதிகள். சுவிட்சர்லாந்து, போலந்து, ஹாலந்து, பிரிட்டன் என்று பக்கத்து நாடுகளும் பின்பற்றின. 1932 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் 11 சங்கங்கள் கூடி சர்வதேசக் கூட்டமைப்பை அமைத்தன. ஷிர்மன் அதன் தலைவரானார்.

ஏறிய வேகத்தில் சறுக்கலும் வந்தது. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் விடுதிகளை ஹிட்லரின் இளைஞர் அமைப்பு எடுத்துக்கொண்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று திறந்த கதவு யூதப் பிள்ளைகளுக்கு மூடப்பட்டது. ஷிர்மன் அப்போதே உதறிவிட்டு வெளியேறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டியதைக் காப்பாற்றலாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் 1936 இல் சர்வதேசத் தலைவர் பதவியிலிருந்தும் அவரை விலகவைத்தார்கள். உலகத்துக்கே இடம் தேடிக் கொடுத்த மனிதருக்குத் தன் சொந்த அமைப்பில் இடமில்லாமல் போயிற்று. கிரேவன்வீஸ்பாக் என்ற சிற்றூரில் போய் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், சிதைந்துபோன விடுதிகளை மீண்டும் எழுப்பும் வேலைக்குத் தோள் கொடுத்தார். 1961 டிசம்பர் 14 அன்று, 87 வயதில், அதே ஊரில் காலமானார்.

நம் நாட்டில் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா 1949 இல் தொடங்கியது. குடும்பத்தோடு போவதற்கென்றே முகாம்களும் நடத்துகிறார்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நான்கு யோசனை: குடும்ப அறை உண்டா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் படுக்கை விரிப்பு கொண்டுபோங்கள். சின்னதுக்குக் கீழ்க் கட்டில். குளியலறைக்கு ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். வசதி குறைவுதான். ஆனால் தட்டைத் தானே கழுவ வேண்டும், அடுத்தவர் தூங்கும்போது மெல்லப் பேச வேண்டும் என்பதை என் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அந்த மூன்று நாளில்தான். நான் வீட்டில் வருடக்கணக்கில் கத்தியும் நடக்காத காரியம் அது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹால் வருடத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்தேன். சென்ற வருடம் 41 நாள். மே மாதத்தில் மூன்றே நாள். ஓர் இரவுக்கு எட்டு ஃபேனும் நான்கு லைட்டும் எரிந்தால் ஆகும் கரண்ட் செலவு நூறு ரூபாயைத் தொடாது. அதை நானே கட்டிவிடுகிறேன். சத்தத்துக்குப் பத்து மணிக்கு விளக்கணைப்பு. பொறுப்பு யார் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. விடுதித் தந்தையாக நான் பெயர் கொடுக்கிறேன். விடுதித் தாயாக என் மனைவி வர ஒப்புக்கொண்டுவிட்டாள். இளைய வயதுக்காரர் இன்னும் இரண்டு பேர் வேண்டும், ராத்திரி விழித்திருக்க எங்களால் முடியாது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். நம் காவலாளியின் பிள்ளைகள் இருவரும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. சென்ற முறை அவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், கடைசி வரிசையில், பென்சிலால். சம்மதமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசுவோம். போன வருடம் நான் சொன்ன காரணங்களைத்தான் சொல்வீர்கள். எனக்கு அவை மனப்பாடம்.